மக்ஸன் சென்ற ஊர்கள்

மாதம் பிறந்ததும் நம் இல்லம் தேடி வரும் ஏட்டைத் தமிழில் இதழ் என்கிறோம். இலங்கைச் சகோதரர்கள் சஞ்சிகை என்பர். ஆங்கிலம் பயின்றோர் வாயில் அது மாகஸின் என்று வழங்குகிறது. இம்மூன்றாவது சொல்லை மட்டும் நம்பிக்கொண்டு ஐரோப்பாவில் இறங்கும் ஒருவர் பெருங்குழப்பத்திற்கு ஆளாவார். பாரிஸ் நகரத் தெருவில் 'மகஸான்' என்ற பலகையைக் கண்டு அவர் உள்ளே நுழைந்தால் அங்கே ஏடுகள் இரா. துணியோ செருப்போ விற்றுக்கொண்டிருப்பார்கள். மாஸ்கோவில் 'மகஸீன்' என்பது ரொட்டியும் பாலும் வாங்கும் கடை. ஹாலந்தில் அதே சொல் சரக்குகளை அடுக்கி வைக்கும் கிடங்கைக் குறிக்கும். ஆங்கிலேயப் படைவீரனைக் கேட்டால் தன் துப்பாக்கியில் தோட்டாக்கள் அடைத்த பெட்டியைக் கழற்றிக் காட்டுவான். கடை, கிடங்கு, தோட்டாப் பெட்டி, மாத ஏடு ஆகிய நான்கும் ஒரே சொல்லின் நான்கு பொருள்கள். அச்சொல்லோ ஐரோப்பாவில் பிறந்ததன்று. அரபு மொழியின் 'மக்ஸன்' என்பதே அது.

உருவம் ஒத்திருந்தும் பொருள் மாறுபட்டு ஆளை ஏமாற்றும் இத்தகைய சொற்களுக்குக் கோஸ்லர், தெரொக்கிஞி என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1928இல் 'பொய் நண்பர்கள்' என்று பெயர் சூட்டினர். மொழிபெயர்ப்பாளருக்கு அவை பொய் நண்பர்கள்தாம். வரலாறு கற்பவருக்கோ அவற்றைவிட மெய்யான நண்பர்கள் கிடைப்பது அரிது.

ஐரோப்பிய மொழிகளில் கலந்துள்ள அரபுச் சொற்களைப் பட்டியலிட்டுக் காட்டுவது நம் மேடைகளிலும் ஏடுகளிலும் நெடுநாளைய வழக்கம். அல்ஜிப்ரா, ஆல்கஹால், அட்மிரல், காட்டன், ஷுகர் என்று அப்பட்டியல் நீளும். அதில் பெருமை கொள்வது தவறன்று. ஆனால் பட்டியல் முடிகிற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஷுகர் என்பதற்கு மூலம் அரபு 'ஸுக்கர்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த ஸுக்கரே பாரசீகத்தின் 'ஷகர்' வழியே வடமொழியின் சர்க்கரையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லுவதில்லை. கொடுத்தவன் எவன், எடுத்தவன் எவன் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைவிட, எந்த வாயில் வழியே எடுத்தான், எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தான் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. மக்ஸனின் கதையைச் சொல்லப் புகுந்ததும் அதன் பொருட்டே.

'கஸன' என்பது சேமித்து வைத்தான் எனப் பொருள்படும் அரபு வினை. அதனின்று பிறந்த இடப்பெயர் மக்ஸன். சேமிக்கும் இடம், பண்டசாலை. மக்ஸனின் பன்மை 'மகாஸின்'. இதே வேரில் கிளைத்தது 'கஸாயின்' என்னும் சொல். எகிப்து மன்னனிடம் யூசுப் நபி (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்ட செய்தியைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் ஓதியிருப்போர் அச்சொல்லை அறிவர். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு காத்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடந்த அந்த வரலாற்றில், பண்டசாலை என்பது செல்வம் குவிக்கும் இடமாக அன்றி, உயிர் காக்கும் இடமாகவே விளங்குகிறது.

இச்சொல் ஐரோப்பாவிற்குள் இரு வாயில்கள் வழியாக நுழைந்தது. ஒன்று ஸ்பெயின், மற்றொன்று இத்தாலி. எது எவ்வழியே வந்தது என்பதை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. ஸ்பெயின் நாட்டார் அரபுச் சொல்லை அதன் தலையிலுள்ள 'அல்' என்னும் சார்புச் சொல்லோடு சேர்த்தே விழுங்கினர். பருத்தியாகிய 'குத்ன்' ஸ்பானிய மொழியில் 'அல்கொதோன்', இத்தாலியத்தில் 'கொத்தோனே'. சர்க்கரை அங்கே 'அஸூகார்', இங்கே 'ஸுக்கெரோ'. திவான் என்னும் சொல் சுங்கச் சாவடியைக் குறிக்கையில் ஸ்பெயினில் 'அதுவானா' ஆயிற்று; இத்தாலியில் 'தொகானா' ஆயிற்று. விதிவிலக்குகள் இருப்பினும் பொதுப்போக்கு இதுவே. மக்ஸனும் இதற்கிணங்க ஸ்பானியத்தில் 'அல்மஸேன்' என்றும், போர்ச்சுகீசியத்தில் 'அர்மஸெம்' என்றும், இத்தாலியத்தில் 'மகட்ஸீனோ' என்றும் வழங்கலாயிற்று.

இவ்வேறுபாடு ஏன்? ஸ்பெயினுக்கு வந்த முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் பெர்பர் இனத்தார். தம் தாய்மொழியில் இத்தகைய சார்புச் சொல் இல்லாத அவர்கள், 'அல்' என்பதைச் சொல்லின் பகுதியாகவே கருதிப் பேசினர் என்று மொழியறிஞர் பலர் காரணம் காட்டுவர். இதனோடு இன்னொன்றையும் நான் சேர்த்துச் சொல்லத் துணிவேன். ஸ்பெயினில் அரபு மொழி அடுத்த வீட்டு மொழியாக இருந்தது. சந்தையில், வயலில், நீதிமன்றத்தில், சமையலறையில் நூற்றாண்டுக் கணக்கில் காதில் விழுந்துகொண்டிருந்த மொழி அது. காதால் கேட்ட சொல் கேட்டபடியே ஒட்டிக்கொள்ளும். இத்தாலியத் துறைமுகத்து வணிகனோ அதே சொல்லைச் சரக்கோடு சரக்காகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தான். வேண்டாத பகுதியைக் களைந்துவிட்டான்.

ஸ்பெயினின் கதையில் சற்றே நின்று செல்ல வேண்டும். 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. எஞ்சிய முஸ்லிம்கள் கட்டாய ஞானஸ்நானத்திற்கு உள்ளாகி 'மொரிஸ்கோ' என்ற பெயர் பெற்றனர். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன் பிறப்பித்த ஆணை, மூன்றாண்டுகளுக்குள் அரபு பேசுவதையும் எழுதுவதையும் படிப்பதையும் விட்டொழிக்க வேண்டும் என்று விதித்தது. பின்னர் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். ஆட்களை ஏற்றிய துறைமுகத்துக் கிடங்கின் பெயர் அல்மஸேன். அவர்களின் உடைமைகளைச் சோதித்த சாவடியின் பெயர் அதுவானா. அந்நகரத் தலைவனின் பட்டமோ 'அல்கால்தே'. அதுவும் நம் 'அல்காழி'யே. அரபைத் தடைசெய்தவர்கள் அரபுச் சொற்கள் இன்றித் தம் ஆணையை நிறைவேற்ற இயலாத நிலையில் இருந்தனர்.

அரபு பேச்சை இழந்த அரகோன் பகுதி மொரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி வந்தனர். 'அல்ஹமியாதோ' என்று அவ்வெழுத்து முறைக்குப் பெயர். அரபுத் தமிழில் மாலைகளும் சட்ட நூல்களும் ஓதி வளர்ந்த நம் மூதாட்டிகளுக்கு இது வியப்பாக இராது. 1884இல் அல்மொனஸித் தெ லா ஸியர்ரா என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளம் ஒன்றின் கீழ் மறைத்து வைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. எழுதியோர் போய் 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்பெயின் அறிந்த மக்ஸன்களுள் அதுவும் ஒன்று எனலாம்.

சொற்களிலும் சில பின்னர் நாடு கடத்தப்பட்டன. தையற்காரரைக் குறித்த 'அல்ஃபயாதே', நாவிதரைக் குறித்த 'அல்ஃபஹேமே' ஆகியவை ஸ்பானிய வழக்கிலிருந்து மறைந்து, அவற்றின் இடத்தில் இலத்தீன் வழிச் சொற்கள் அமர்ந்தன. போர்ச்சுகல்லில் தையற்காரர் இன்றளவும் 'அல்ஃபையாதே'தான்; அரபு 'அல்கய்யாத்' அங்கே நிலைத்துவிட்டார். அல்மஸேனை யாரும் அசைக்கவில்லை. அட்லாண்டிக் கடலையும் அது கடந்தது. அர்ஜென்டினாவில் மூலைக்கு மூலை இருந்த மளிகைக் கடைக்கு அதுவே பெயர். டச்சு அறிஞர் டோஸி 1869இல் விரிவாக்கி வெளியிட்ட சொற்கோவையில், ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் உள்ள அரபுச் சொற்களை ஒவ்வொன்றாக ஆய்ந்துள்ளார்.

இத்தாலிய வாயில் இத்துணைத் துயரமுடையதன்று. வெனிஸ், ஜெனோவா, பைஸா நகரத்தார் அலெக்சாந்திரியாவிலும் தூனிஸிலும் பிஜாயாவிலும் தங்கி வணிகம் புரிந்தனர். அவர்கள் தங்குவதற்கும் சரக்கை வைப்பதற்கும் முஸ்லிம் ஆட்சியாளர் ஒதுக்கித் தந்த விடுதிகள் 'ஃபுந்துக்' எனப்பட்டன. வெனிஸ் நகரத்தார் அப்பெயரைத் தம் ஊருக்கே கொண்டு சென்று 'ஃபொந்தகோ' என்றனர். உதுமானிய வணிகர்களுக்கு 1621இல் வெனிஸில் ஒதுக்கப்பட்ட மாளிகை ஃபொந்தகோ தெய் துர்க்கி என்ற பெயரோடு இன்றும் கால்வாய்க் கரையில் நிற்கிறது. ஃபுந்துக் என்ற சொல்லை அரபியர் கிரேக்கரிடமிருந்து பெற்றனர் என்பதையும் நம் பட்டியல்காரர்கள் குறித்துக்கொள்வது நலம். பைஸா நகரத்து லியனார்தோவின் தந்தை பிஜாயாவின் சுங்கச் சாவடியில் தம் நகர வணிகர்களுக்காகப் பணிபுரிந்தவர். அங்கே சிறுவனாகக் கற்ற இந்திய இலக்கங்களைத்தான் அந்த லியனார்தோ 1202இல் தம் நூலின் வழியாக இலத்தீன் உலகிற்கு விளக்கினார். கணக்கு, சுங்கம், கிடங்கு மூன்றும் ஒரே துறைமுகத்துப் பிள்ளைகள்.

இத்தாலியர் எடுத்துக்கொண்டது ஒருமையாகிய மக்ஸனை அன்று, பன்மையாகிய மகாஸினை என்பது அறிஞர் பலரின் முடிவு. ஒலியைக் கேட்டாலே அது விளங்கும். வரிசை வரிசையாகக் கிடங்குகள் நின்ற துறைமுகத்தில், வந்த வணிகன் காதில் விழுந்தது பன்மைச் சொல்லாகவே இருந்திருக்கும். அப்பன்மையை ஒருமையாக்கிக்கொண்டு, பிறகு 'மகட்ஸீனி' என்று அதற்கும் ஒரு பன்மையை அவர்கள் படைத்துக்கொண்டனர்.

பிரான்சு நாட்டில் இச்சொல் கிடங்காகவே நுழைந்தது. பின்னர் கிடங்கின் முன்புறத்தில் நின்று சரக்கு விற்ற வணிகன், தன் கடையையும் மகஸான் என்று அழைக்கலானான். சிறு கடைக்கு அங்கே 'பூத்திக்' என்று வேறொரு பெயர் முன்பே இருந்தது. நயமான விஷயம் யாதெனில், பூத்திக்கும் பழைய கிடங்கே! கிரேக்கத்தின் 'அபொதேகே', அதாவது பொருள் வைக்கும் இடம், தேய்ந்து தேய்ந்து பூத்திக் ஆயிற்று. அதே கிரேக்கச் சொல் ஜெர்மனியில் 'அப்பொத்தேக்' ஆகி மருந்துக்கடையாகவும், இத்தாலியில் 'பொத்தேகா' ஆகிக் கைவினைஞர் பட்டறையாகவும், ஸ்பெயினில் 'பொதேகா' ஆகி மதுக்கிடங்காகவும் பிரிந்தது. ஆக, பிறப்பால் வேறான ஒரு கிரேக்கச் சொல்லும் ஓர் அரபுச் சொல்லும், இரண்டுமே கிடங்கு என்ற பொருளோடு புறப்பட்டு, பாரிஸ் தெருவில் இரு கடைகளாக எதிரெதிரே நிற்கின்றன. அமெரிக்கர் கடையை 'ஸ்டோர்' என்பதும், நம் ஊர்களில் கூட்டுறவுப் பண்டகசாலை என்பது பண்டம் வாங்கும் கடையாகவே விளங்குவதும் இதே போக்குத்தான். 1852இல் அரிஸ்தீது பூஸிகோ பாரிஸின் போன் மார்ஷே நிறுவனத்தில் பங்காளியாகச் சேர்ந்து, குறித்த விலைக்குப் பல்வகைப் பொருள்களை ஒரே கூரையின்கீழ் விற்கும் முறையை வளர்த்தபோது, அத்தகைய பேரங்காடிக்கு 'கிராண் மகஸான்' என்று பெயர் அமைந்தது.

ரஷ்யாவிற்கு மகா பீட்டரின் காலத்தில் மேலை நாட்டுச் சொற்களோடு இச்சொல்லும் சென்று, முதலில் கிடங்காகவும் பின்னர் கடையாகவும் நிலைபெற்றது. மாத ஏட்டிற்கு ரஷ்யர் 'ஷுர்னால்' என்பர். அது நாள்தோறும் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. மாதம் ஒருமுறை வருவதற்கு நாளேடு என்று பெயர்! ஜெர்மானியரோ கிடங்கு, நூலகத்து நூலறை, ஏடு ஆகிய எல்லாவற்றுக்கும் 'மகட்ஸீன்' என்பதையே ஆள்கின்றனர்.

இனி இங்கிலாந்து. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் நுழைந்த மாகஸின், சரக்குக் கிடங்கைவிட ஆயுதக் கிடங்கையே மிகுதியாகக் குறிக்கலாயிற்று. கோட்டைகளிலும் கப்பல்களிலும் வெடிமருந்து வைத்த அறைக்கு அதுவே பெயர். இந்தியாவிற்கு அச்சொல் முதலில் வந்ததும் இப்பொருளோடுதான். 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் டெல்லியைக் கைக்கொண்டபோது, லெப்டினன்ட் வில்லோபியின் தலைமையில் இருந்த சிறு காவற்படை, ஆயுதக் கிடங்கு அவர்கள் கையில் சிக்காதிருக்க அதைத் தானே வெடித்துத் தகர்த்தது. அந்த மாகஸினின் வாயில்கள் காஷ்மீரி கேட் அருகே இடிபாடாக எஞ்சியுள்ளன. அரபு மொழியில் சேமித்துக் காத்தலைக் குறித்த சொல், பகதூர் ஷாவின் டெல்லியில் இவ்வாறு காதைப் பிளக்கும் ஓசையோடு வெடித்தது.

வெடிமருந்து அறைக்கும் மாத ஏட்டிற்கும் என்ன உறவு? 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் சிலர், ஒரு துறைச் செய்திகளைத் திரட்டித் தரும் நூலுக்கு மாகஸின் என்று உருவகமாகப் பெயரிட்டனர். அறிவின் கிடங்கு என்பது கருத்து. அதைப் பருவ ஏட்டிற்கு உரியதாக்கியவர் எட்வர்டு கேவ். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த அவர், அஞ்சலகத்தில் பணியாற்றியபோது வெளியூர்ச் செய்தித்தாள்கள் பலவற்றைக் காணும் வாய்ப்புப் பெற்றார். வாரந்தோறும் குவியும் தாள்களுள் நல்லனவற்றைப் பொறுக்கி மாதம் ஒருமுறை ஒரே கட்டாகத் தந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1731 ஜனவரியில் லண்டனில் ஜென்டில்மன்ஸ் மாகஸின் வெளிவந்தது. அதன் வெற்றியைக் கண்டு மறு ஆண்டே லண்டன் மாகஸின் என்ற போட்டி ஏடு பிறந்தது. 1741இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிராட்ஃபோர்டும் பெஞ்சமின் ஃபிராங்ளினும் ஆளுக்கொரு மாகஸின் தொடங்கினர். கேவிடம் எழுத்துப் பணி செய்து பிழைத்த வறிய இளைஞர் சாமுவேல் ஜான்சன், 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் இச்சொல்லுக்குக் கிடங்கு என்ற பொருளை முதலில் தந்துவிட்டு, அண்மைக் காலமாகப் பல்சுவை ஏட்டையும் இது குறிக்கிறதென்றும், அதற்குக் காரணம் கேவின் ஏடே என்றும் எழுதிவைத்தார். பழைய முதலாளிக்கு அவர் செலுத்திய நன்றி அது. ஒரு சொல்லின் புதுப்பொருள் எந்தக் கடையில் பிறந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஓர் அடி கூடுதலாக எடுத்துவைக்க விரும்புவர். நூலைக் கருவூலம் என்று அழைப்பது முஸ்லிம் உலகில் முன்பே இருந்த வழக்கமல்லவா, நிஸாமியின் 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் காவியத்திற்கு 'மக்ஸனுல் அஸ்ரார்' என்றும், 17ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் பக்தாதி இயற்றிய பெருநூலுக்கு 'கிஸானத்துல் அதப்' என்றும் பெயருண்டே, ஆங்கிலேயர் அதைப் பார்த்துத்தானே செய்தனர் என்பர். அப்படிச் சொல்வதற்குச் சான்று இல்லை. சொல் அங்கிருந்து சென்றது. உருவகம் தானே முளைத்தது. நெல் கொட்டும் களஞ்சியத்தை எடுத்து நாம் கலைக்களஞ்சியம் என்று அறிவுக்குப் பெயரிட்டோமே, அதற்கு நிஸாமியும் காரணமல்லர், கேவும் காரணமல்லர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தை நமக்களித்த அப்துற் றஹீம் அவர்களும் தமிழ் வழக்கைத்தான் பின்பற்றினார். பொருளைக் காத்துவைத்துப் பழகிய எந்த மக்களும் அறிவைக் கிடங்கோடு ஒப்பிடுவர். நமக்குரியது எது, நமக்குரியதல்லாதது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை இருந்தால்தான், நமக்குரியதைச் சொல்லும்போது பிறர் நம்புவர்.

ஏடு என்ற இப்புதுப்பொருளைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து திரும்பக் கடன் வாங்கினர். லண்டனில் ஆசிரியையாக இருந்த லெப்ரென்ஸ் தெ போமோன் அம்மையார், சிறுமியருக்கான கதைகளையும் பாடங்களையும் தொகுத்து 1756இல் வெளியிட்ட நூலுக்கு 'மகஸான் தெஸான்ஃபான்' என்று பெயரிட்டார். அதைக் கேட்ட பாரிஸ்காரர் சிறுவர் கடை என்றே முதலில் எண்ணியிருக்கக்கூடும். இறுதியில் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு 'மகஸீன்' என்பதையும் தனியே ஏற்றுக்கொண்டனர். இன்று பிரெஞ்சில் தாயும் மகளும் போல இரு சொற்கள். ஒன்று கடை, மற்றொன்று ஏடு.

பிறந்த வீட்டில் அச்சொல் என்ன ஆயிற்று? மொராக்கோவில் மக்ஸன் என்றால் அரசு. வரிப்பொருளைச் சேர்த்து வைக்கும் இடமே ஆட்சியின் பெயராயிற்று. ஸுல்தானுக்கு வரி செலுத்தி அடங்கிய நிலம் 'பிலாதுல் மக்ஸன்' எனப்பட்டது. துருக்கியர் அரபிலிருந்து நேரே பெற்ற 'மஹ்ஸென்' என்பதை நிலவறைக்கு வைத்துக்கொண்டு, ஐரோப்பியரிடமிருந்து திரும்பிய 'மாஅஸா'வைக் கடைக்குப் பெயராக்கினர். ஈரானிலும் மக்ஸன் என்பது கருவூலம். மகஸானிலிருந்து வந்த 'மகாஸே' என்பது கடை. ஒரே வேர் இரு வேடங்களில் ஒரே தெருவில் நடமாடுவதைத் தெஹ்ரான் நகரத்தார் எத்தனை பேர் கவனித்திருப்பர்? லாஹூரில் ஷைகு அப்துல் காதிர் 1901 ஏப்ரலில் ஓர் உருது மாத ஏட்டைத் தொடங்கியபோது, மாகஸின் என்பதன் மூலத்தை உணர்ந்து அதற்கு 'மக்ஸன்' என்றே பெயரிட்டார். இக்பாலின் இமயம் பற்றிய கவிதை அதன் முதல் இதழில் வெளிவந்தது. நூற்றாண்டுகள் அலைந்த சொல், புதுப்பொருளையும் சுமந்துகொண்டு பழைய உருவத்தில் வீடு திரும்பிய இடம் அது.

தமிழும் இந்தக் குடும்பத்திற்கு அயலார் அன்று. கஜானா என்று நாம் சொல்வது மக்ஸனின் உடன்பிறப்பு. அதனோடு துருக்கி விகுதி ஒட்டி வந்தது கஜாஞ்சி. அரபிலிருந்து நாம் பெற்றது போலவே நாம் கொடுத்ததும் உண்டு. நம்முடைய கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, கடல் கடந்து மலாய் மொழியில் 'குதாங்' ஆகி, போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்று என்று அறிஞர் பலர் கொள்வர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலிலேயே அது திரும்பி வந்தது. சென்னை மண்ணடித் தெருக்களில் அதைக் 'குடோன்' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே கஜாஞ்சி அமர்ந்து கணக்கெழுதுகிறார்.